உரிமம் பெற்றவர் பெயர்

புதுகும்மிடிப்பூண்டி,
ஜனவரி 12, 2025.

மரியாதைக்குரிய அரசப்பன் அண்ணனுக்கு,

லோகுவின் மனைவி ஷைனி எழுதுவது. நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. எங்கள் கல்யாணத்துக்கு மஸ்கட்டிலிருந்து ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தனுப்பினீர்கள். அது இன்னும் ஓடுகிறது.

உங்கள் எண்ணுக்கு எட்டு முறை அழைத்தேன். உபயோகத்தில் இல்லை என்று முதலில் அரபியிலும் பிறகு ஆங்கிலத்திலும் சொன்னார்கள். ஆரம்பாக்கம் போய் உங்கள் அம்மாவிடம் இந்த முகவரியை வாங்கி வந்தேன். அம்மா நன்றாக இருக்கிறார். வலது கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது. வாசலில் குழாய் போட்டுவிட்டார்கள். இரண்டையும் சொல்லச் சொன்னார். நீங்கள் எப்போதாவது பேசுவீர்களாம், ஒவ்வொரு முறையும் வேறு யாருடைய போனிலிருந்தோ. "எம் புள்ள நல்லாத்தான் கீறான், அவனைப் பேஜார் பண்ணாதம்மா" என்றார். பண்ண மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் முகவரியை வாங்கினேன்.

லோகுவுக்கு உடம்பு சரியில்லை. நவம்பரில் ஆலை கேட் முன்னால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். கான்ட்ராக்டர் தூக்கிவிட்டு, "தேறினதும் வா நைனா, கேட் பாஸ் எங்கிட்டயே இர்க்கட்டும்" என்றாராம். அதற்குப் பிறகு கான்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை. நுரையீரலில் தூசி படிந்திருக்கிறது என்று எக்ஸ்ரே பார்த்த டாக்டர் சொன்னார். இருபத்தொன்பது வயது. மாடிப்படி ஏழு. மூன்றாவதில் நின்றுவிடுகிறார்.

இனி எழுதப்போவது உங்களுக்குத் தெரிந்ததுதான். பொன்னேரியில் தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் வக்கீல் திலகவதி மேடம், எதையும் விடாமல் வரிசையாக எழுதச் சொன்னார்.

2015 ஜூன். நீங்கள் மஸ்கட் கிளம்புகிறீர்கள். இரும்பு உருக்கும் ஆலையில் உங்களுக்கு வேலை இருந்தது. ஐ.டி.ஐ. சான்றிதழ், பாஸ், இ.எஸ்.ஐ. கார்டு, எல்லாம் உங்கள் பெயரில். உங்களைக் கூடப்பிறக்காத அண்ணனாக நினைத்த லோகு பத்தாவது தேறாதவர். "ரெண்டு வருஷத்துல வந்துடுவேன். அது வரிக்கும் என் எடத்துல நீ நில்லு. எடம் போயிடக் கூடாது" என்று கார்டுகளை அவர் கையில் கொடுத்தீர்கள். கான்ட்ராக்டர் உங்கள் போட்டோவைப் பார்த்தார். லோகுவைப் பார்த்தார். "தாடி வெச்சிக்கோ" என்றார். அவ்வளவுதான்.

பத்து வருடமாக லோகு தாடியை எடுக்கவில்லை.

உலையின் உட்சுவரைச் சில நாளுக்கு ஒருமுறை உடைத்து வெள்ளைக் கல்தூளால் புதிதாகக் கட்ட வேண்டும். அந்தத் தூளுக்கு அங்கே மாவு என்று பெயர். உள்ளே இறங்கி இடித்து இறுக்குவது லோகுவின் வேலை. உங்களுக்குத் தெரியும், நீங்களும் இறங்கியவர்.

2020இல் ஆலை திரும்பத் திறந்தபோது ஒரு பழைய லேப்டாப் வாங்கினார். ஐ.டி.ஐ. தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று ஆசை. தன் பெயரில் ஒரு சான்றிதழ். குறிப்புகளை எழுதி அடுக்கி வைக்கிற மென்பொருள் ஒன்றை அதில் ஏற்றிக்கொண்டார். சொந்த உபயோகத்துக்கு இலவசம். படிப்பு இரண்டு மாதத்தில் நின்றுவிட்டது. குறிப்பு நிற்கவில்லை. வேலையிலிருந்து வந்து குளித்ததும் நாலு வரி. ஒரு நாளும் தவறியதில்லை.

14.3.2022. ஏ ஷிப்ட். ரெண்டாம் நம்பர் உலை. மாவு 16 மூட்டை. மாஸ்க் இல்லை. இருமல் கொஞ்சம். ஷைனிக்குக் காய்ச்சல், சீக்கிரம் விடச் சொன்னேன், விடவில்லை.

இப்படி ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

எதற்காகப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று மென்பொருள் தொடக்கத்திலேயே கேட்கும். நாட்குறிப்பு, படிப்பு, அலுவலகம், பயணம், சமையல். லோகு சமையலைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். "மாவு கீது, அடுப்பு கீது, வேற இன்னா ஓணும்" என்று அன்றைக்குச் சிரித்தார். அதனால் எல்லாக் குறிப்புகளின் தலையிலும் ஒரு சின்னக் கரண்டிப் படம் இருக்கிறது.

அதற்கும் முந்தைய கேள்வி, பெயர். அரசப்பன் என்று தட்டியிருக்கிறார். ஏன் என்று போன வாரம்தான் கேட்டேன். "பேரு கேட்டா கார்டுல கீற பேருதானே சொல்லணும்" என்றார். யோசித்துப் பார்த்தேன். கூப்பிடுகிறவர்கள் கேட்டால் லோகு. எழுதிவைக்கிறவர்கள் கேட்டால் அரசப்பன். பழகிவிட்டது.

ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் ஒரு வரி தானாக விழுகிறது. உரிமம் பெற்றவர்: அரசப்பன்.

திலகவதி மேடம் சொல்வது இது. ஆலையிடம் நஷ்டஈடு கேட்க, தூசி இருக்கிறது, அது உலையிலிருந்து வந்தது என்று நிறுவ வேண்டும். அதற்கு லோகு உலைக்குள் இருந்தார் என்று நிறுவ வேண்டும். வருகைப் பதிவேட்டில் அரசப்பன். சம்பளச் சீட்டில் அரசப்பன். "லோகுன்னு ஒருத்தர் அந்த கேட்டுக்குள்ள போனதுக்கு ஒரு துண்டுச் சீட்டாவது இருக்காம்மா?" என்று கேட்டார். இந்தக் குறிப்புகளைக் காட்டினேன். நெடுநேரம் படித்தார். ஷைனி என்று மனைவி உள்ளவன் எழுதியது, அதனால் இது லோகு எழுதியதுதான் என்று வாதாடலாம் என்றார். பிறகு அடிவரிக்கு வந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

மென்பொருள்காரர்களுக்கு எழுதிக் கேட்டேன். உரிமம் ஒரு நபருக்கானது, அந்த நபரே எழுதிக் கேட்டால் பெயரை மாற்றுவோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. பழைய இலவச உரிமம் பிப்ரவரி 28உடன் முடிகிறதாம்.

கேட்பது இரண்டு வரி. இந்த உரிமம் என்னுடையது அல்ல, லோகுவினுடையது. உங்கள் கையெழுத்து. பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் நகல்.

உங்களுக்கு இதில் சங்கடம் இருக்கும் என்று தெரியும். பெயரைக் கொடுத்தது தெரியவரும். ஆனாலும் எழுதுகிறேன்.

அங்கே குளிர் அதிகம் இல்லை என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஷைனி
லோகு மனைவி.


புதுகும்மிடிப்பூண்டி,
பிப்ரவரி 20, 2025.

அரசப்பன் அண்ணனுக்கு,

முதல் கடிதம் வந்து சேர்ந்திருக்காது என்று வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அப்படி வைத்துக்கொள்வது எனக்கு எளிதாக இருக்கிறது.

பேட்டரி கம்பெனி பேக்கிங்கில் எனக்கு வேலை தொடர்கிறது. பகல் ஷிப்டாகவே கேட்டு வாங்கியிருக்கிறேன். லோகு ஜன்னலோரம் நாற்காலியில் இருக்கிறார். படுத்தால் மூச்சு முட்டுகிறது. நாற்காலிதான் இப்போது அவருக்குக் கட்டில்.

லேப்டாப்பைத் திறந்தால் முதலில் ஒரு திரை வருகிறது. உங்கள் உரிமத்தைத் தேர்ந்தெடுங்கள். நாலு கட்டங்கள். ஒன்பது நாளாக இந்த நாலு கட்டங்களோடுதான் இருக்கிறேன்.

முதல் கட்டம், தனிநபர். இலவசம். ஆனால் ஒரு உறுதிமொழியில் டிக் செய்ய வேண்டும்: இதிலுள்ள எதுவும் என் வேலை தொடர்பானது அல்ல. திலகவதி மேடத்துக்குப் போன் செய்தேன். "டிக் போட்டீங்கன்னா ஆலை வக்கீலுக்கு வேலையே இல்லம்மா. நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி" என்றார்.

இரண்டாவது, நிறுவனம். நிறுவனத்தின் பெயரும் அதன் மின்னஞ்சலும் தர வேண்டும். விதிகளை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். ஏழாவது விதி: குறிப்புகள் அனைத்தும் நிறுவனத்தின் உடைமை. லோகுவிடம் சொன்னேன். "குடுத்துடு. இருமலையும் சேத்து எடுத்துக்கினு போவட்டும்" என்றார்.

மூன்றாவது, மாணவர். கல்லூரி அடையாள அட்டை கேட்கிறது. லோகு அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன்.

நாலாவது, குடும்பம். ஐந்து பேர் வரை. அச்செடுக்கலாம், பகிரலாம், வேலை, வீடு என்ற பேதம் இல்லை. ஒரே நிபந்தனை. ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்தான் குடும்பத் தலைவர்.

ஒன்றையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் மார்ச் முதல் தேதியிலிருந்து குறிப்புகளைப் படிக்க மட்டும் முடியும். தொண்ணூறு நாளில் அவை அழிந்துவிடும்.

போனில் படம் எடுக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எடுத்தேன். படத்திலும் அடியில் உங்கள் பெயர் இருக்கிறது. அதை வெட்டினால் வெட்டியது தெரிகிறது. நோட்டில் கையால் எழுதிப் பார்த்தேன். அறுபது பக்கம் ஆன பிறகுதான் உறைத்தது, அது என் கையெழுத்து. யாரும் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்பதற்குத்தான் அது சாட்சி.

ஆனால் எழுதும்போது எல்லாவற்றையும் முதல்முறையாகப் படித்தேன். 2021 ஜூலையிலிருந்து இருமல் கொஞ்சம் என்று எழுதியவர் 2023இல் இருமல் என்று மட்டும் எழுதுகிறார். 2024இல் அந்தச் சொல்லே இல்லை. குணமாகிவிட்டதா என்று நினைக்கத் தோன்றும். தனியாக எழுதுமளவுக்கு அது ஒரு விஷயமாக இல்லாமல் போனது என்பதுதான் உண்மை. அந்த வருடம் அவர் பக்கத்தில் படுத்திருந்தவள் நான். நானும் அதைக் கேட்பதை நிறுத்தியிருந்தேன்.

உங்கள் பெயரும் உள்ளே வருகிறது. 2020 டிசம்பர். 'அரசப்பன் அண்ணன் பேசினார். இந்த வருடமும் வரவில்லையாம். இடத்தை விட்டுவிடாதே என்றார்.' அதன் கீழே மாவு 12 மூட்டை.

நீங்கள் இடத்தைக் கேட்டு வரும்போது சுத்தமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் லோகு ஒரு நாள்கூட லீவு போடாமல் போனார். என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எழுதியபிறகு அப்படித்தான் தெரிகிறது. அடிக்காமல் விடுகிறேன்.

இன்னும் எட்டு நாள் இருக்கிறது. கடிதம் உங்களிடம் வரவே அதற்கு மேல் ஆகும். ஆனாலும் தபாலில் சேர்க்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் உங்களுக்காகவும் ஜெபித்தோம்.

இப்படிக்கு,
ஷைனி
லோகு மனைவி.


சென்னை,
ஏப்ரல் 6, 2025.

அரசப்பன் அண்ணனுக்கு,

இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மடியில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

முதலில் அந்த உரிமத்தைச் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி 28 மதியம் குடும்பம் என்ற கட்டத்தை அழுத்தினேன். குடும்பத் தலைவர் அரசப்பன் என்று அதுவே போட்டுக்கொண்டது. உறுப்பினர்களைச் சேர்க்கச் சொன்னது. லோகு. உறவு என்ன என்று ஒரு பட்டியல் காட்டியது. சகோதரர் என்று கொடுத்தேன். ஷைனி. எனக்கான உறவு அந்தப் பட்டியலில் இல்லை. மற்றவை.

ஸ்டேஷன் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் எல்லாவற்றையும் அச்செடுத்தேன். கட்டுக் கட்டாக வந்தது. கரண்டிப் படத்தைப் பார்த்துவிட்டுக் கடைப்பெண், "சமையல் புக்கா அக்கா? நமக்கும் ஒரு காப்பி குடேன்" என்றாள். தருகிறேன் என்றேன்.

திலகவதி மேடம் கட்டைப் பிரித்து அடிவரியைத்தான் முதலில் பார்த்தார். உரிமம் பெற்றவர், குடும்பத் தலைவர்: அரசப்பன். உறுப்பினர்: லோகு, சகோதரர். "அண்ணன் எழுதினது, தம்பி எடுத்து வெச்சிக்கினு இருக்கான்னு சொல்லுவாங்க" என்றார். மனுவைப் போட்டிருக்கிறார். நம்பிக்கை இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. போகும்போது பஸ் வரை கூட வந்தார். வக்கீல்கள் அப்படி வருவதில்லை என்று நினைக்கிறேன்.

மார்ச் 23 காலை லோகுவின் நகம் நீலமாகிவிட்டது. ஆட்டோ, பிறகு ஆம்புலன்ஸ். இங்கே கவுன்ட்டரில் கார்டு கேட்டார்கள். பையில் உங்கள் இ.எஸ்.ஐ. கார்டும் இருந்தது, லோகுவின் ஆதாரும் இருந்தது. எதை எடுப்பது என்று என் கை நின்றது. அவர் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி மூச்சுக்கு நடுவே சொன்னார். "அரசப்பன்." எழுதிக்கொண்டார்கள். கட்டில் தலைமாட்டில் அட்டை தொங்குகிறது. அரசப்பன், வயது 38.

நான் மறுத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கார்டு செல்லாது. அன்று கட்டில் கிடைத்திருக்காது. நானும் ஒரு கட்டத்தை அழுத்தினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்சிஜன் மாஸ்க் தாடியின் மேல் சரியாக உட்காரவில்லை. மூன்றாம் நாள் மழித்துவிட்டார்கள். அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை, அண்ணா. தாடையில் ஒரு தழும்பு இருக்கிறது. சின்ன வயதில் ஆரணி ஆற்றங்கரையில் விழுந்தது என்று விரலால் எழுதிக் காட்டினார். கல்யாணமாகி ஆறு வருடம். நர்ஸ் கார்டு நகலைப் பார்த்துவிட்டு, "போட்டோவுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லையே, நோய் எப்படி உருக்கிடுது பாருங்க" என்றார். ஆமாம் என்றேன்.

அரசப்பன் என்று கூப்பிட்டால் உடனே திரும்புகிறார். லோகு என்று நான் கூப்பிட்டால் கொஞ்சம் தாமதமாகிறது.

செவ்வாய்க்கிழமை தொண்டையில் குழாய் போட வேண்டும் என்றார்கள். ஒப்புதல் கையெழுத்து. கார்டில் வாரிசு என்று இருப்பது உங்கள் அம்மாவின் பெயர். நான் யார் என்று கேட்டார்கள். தம்பி மனைவி என்றேன். அம்மாவை வரச் சொன்னார்கள்.

உங்கள் அம்மா ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் தனியாக வந்தார். கருப்புக் கண்ணாடி போட்டிருந்தார். லோகுவின் காலைத் தொட்டுப் பார்த்தார். நர்ஸ், "உங்க பையனாம்மா?" என்றார். அவர் என்னைப் பார்த்தார். லோகுவைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினார். கையெழுத்துப் போடத் தெரியும் அவருக்கு, ஆனால் அன்று கை ஓடவில்லை. பெருவிரலை வைத்தார்.

வெளியே வந்ததும் மையை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னார். "எம் புள்ள பேருக்கு இப்பிடி ஒரு காயிதத்துல கை வெக்க உட்டியேம்மா." வேறு ஒன்றும் திட்டவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். டிசம்பருக்குப் பிறகு நீங்கள் அவரிடமும் பேசவில்லை என்று கேட் பக்கத்தில்தான் சொன்னார். நான்கு மாதம். அதை இத்தனை நாள் எனக்குச் சொல்லவில்லை.

டாக்டர் நாள் எதுவும் சொல்லவில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார்.

இனி உரிமத்தைப் பற்றிக் கேட்க மாட்டேன். அந்தக் குறிப்புகள் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். ஒன்று மட்டும் தெரிவிக்க வேண்டும். இங்கே இந்தக் கட்டிலில் ஏதாவது நடந்தால் சான்றிதழ் உங்கள் பெயரில் வரும். உங்கள் பிறந்த தேதி. உங்கள் அப்பா பெயர். உங்கள் பாஸ்போர்ட்டில் இருப்பவர் இங்கே இல்லாமல் போய்விடுவார். ஆலை அதை வாங்கிக் கோப்பில் வைத்து மூடிவிடும். லோகு எங்கேயும் வேலை செய்திருக்க மாட்டார், எங்கேயும் இறந்திருக்க மாட்டார். ஊரில் புருஷன் எங்கே என்று என்னைக் கேட்டால் காட்ட ஒரு தாள் இருக்காது.

நேற்று சபையிலிருந்து பாஸ்டர் வந்தார். கட்டில் அட்டையைப் பார்த்துவிட்டு எந்தப் பெயரைச் சொல்லி ஜெபிக்கட்டும் என்று மெதுவாகக் கேட்டார். இரண்டையும் என்றேன். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கண்ணை மூடினார்.

கர்த்தர் உங்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும், அண்ணா. கடிதத்தை முடிப்பதற்காக எழுதும் வரி அல்ல இது. காலையும் மாலையும் இதைத்தான் கேட்கிறேன். எங்கிருந்தாலும், யாருடைய போனாக இருந்தாலும் சரி. உயிரோடு இருக்கிறேன் என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிறகு அதையே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, உங்கள் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டு எனக்கு அனுப்புங்கள்.

அவர் மூச்சு இருக்கும்போதே வர வேண்டும்.

இப்படிக்கு,
ஷைனி
லோகு மனைவி.